முதலில் எடுத்து வைப்பவர்கள்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, கொல்லிமலையின் பல ஊர்களிலிருந்தும் காலை முதல் பேருந்தைப் பிடித்து வந்த உங்கள் தாய்மார்களும் தந்தையர்களும் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

வெற்றி பெறுவது எப்படி என்று சொல்லும் நூல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை வெல்வதைப் பற்றியே பேசுகின்றன. வென்றது இருபது ஆண்டு கழித்தும் நம் கையில் இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, பின்வரிசையில் இருக்கும் உங்கள் அம்மாக்களிடமும் பாட்டிமார்களிடமும்தான் நல்ல பதில் இருக்கிறது. இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்த மலையில் சாமை அறுவடைக்கு முன் வீட்டுப் பெண்கள் கொல்லைக்குள் இறங்கி, மணி திரண்ட கதிர்களாகப் பார்த்துப் பார்த்துப் பறித்துத் தனியே வைப்பார்கள். அடுத்த ஆண்டு விதை அதுதான். நன்றாகக் காயவைத்து, சாம்பலோ வேப்பிலையோ நொச்சி இலையோ போட்டுப் பூச்சி அண்டாமல் காப்பார்கள். மழை பொய்த்த ஆண்டிலும் அதில் கை வைக்க மாட்டார்கள். சாப்பிட்டு மிஞ்சியதை எடுத்து வைக்கலாம் என்று இருந்தால் ஏழை வீட்டில் எந்த ஆண்டும் எதுவும் மிஞ்சாது. அதனால் அவர்கள் முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைச் சமைக்கிறார்கள். நிலைத்த வெற்றிக்கான பழக்கம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த விதையும் ஒரே விதை அன்று. சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, பெருஞ்சாமை என்று சாமையிலேயே எத்தனை வகை! தினையிலும் கேழ்வரகிலும் இப்படித் தனித்தனி வகைகள் உண்டு. ஒன்று சீக்கிரம் விளையும், இன்னொன்று தாமதமாக விளையும். ஒன்று மெலிந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். மழை முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும். ஒரே திறமையை நம்பி, ஒரே நிறுவனத்தை நம்பி வாழ்நாள் முழுவதையும் அடகு வைக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொல்லைகள் நினைவுக்கு வருகின்றன.

பிறகு மரவள்ளி வந்தது. ராசிபுரம், ஆத்தூர், சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. மொத்தமாகப் பணம் கிடைத்தது. சாமை விளைந்த சரிவுகள் ஒவ்வொன்றாகக் கிழங்குக்குப் போயின. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த அரங்கில் இருக்கும் சிலருடைய கல்விக் கட்டணம் கிழங்குப் பணத்தில்தான் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பணத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் விலை விழுந்தபோதும், தேமல் நோயும் மாவுப்பூச்சியும் தாக்கியபோதும், கிழங்கை மட்டுமே நம்பிய குடும்பங்களின் அடுப்பு வரைக்கும் அந்த அடி போயிற்று என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

சாமையை ஏன் கைவிட்டார்கள்? இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்கள் இருந்தார்கள். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்கும் வேலையைத் தொடங்கினார்கள். விதையைக் காப்பாற்ற வந்தவர்கள் உலக்கையைப் பார்த்தார்கள். சாமையின் உமி எளிதில் போகாது, மணியோ மிகச் சிறியது, நெல் மில்லில் போட்டால் சரிவராது. எனவே நாள் முழுவதும் காட்டில் வேலை செய்துவிட்டு வந்த பெண், இரவு உணவுக்காக உரலில் குத்தியாக வேண்டும். ரேஷன் அரிசியைக் கொதிக்கும் உலையில் அப்படியே போடலாம். அந்தப் பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள்? சாமையின் சத்தைப் பற்றி அவளுக்கு எத்தனை கூட்டம் போட்டு விளக்கினாலும் என்ன பயன்? உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. மகளிர் குழுக்களே அவற்றை நடத்தின. பாதுகாப்பது, பயிரிடுவது, உண்பது, விற்பது ஆகிய நான்கும் சேர்ந்து நடந்தால்தான் விதை பிழைக்கும் என்பது அந்தப் பணியின் அடிப்படைக் கொள்கை. சமூக விதை வங்கிகள் வந்தன, உழவர்கள் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பையும் அமைத்துக்கொண்டார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலையில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

நீங்கள் நாளை மருத்துவமனையிலோ வங்கியிலோ பள்ளியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ சேரலாம். அங்கேயும் ஏதோ ஓர் உலக்கை இருக்கும். அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவரிடம் போய் அமர்ந்து கேளுங்கள். மேலதிகாரியின் அறையில் கிடைக்காத தீர்வு அங்கே கிடைக்கும்.

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சுவாமிநாதன் அவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்க வேண்டும் என்று குடும்பம் விரும்பியது. 1943 வங்காளப் பஞ்சம் அவரை வேளாண்மைக்குத் திருப்பியது. காவல்துறை உயர்பணிக்குத் தேர்வாகியும் போகாமல் பயிர் ஆராய்ச்சியையே பிடித்துக்கொண்டார். அவர் பாடுபட்ட கோதுமை 1968இல் அமோகமாக விளைந்தபோது இந்திய அரசு அதைக் கொண்டாடி அஞ்சல்தலையே வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரியில், வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில் அவர் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். பல நாட்டு ரகங்களை அகற்றிவிட்டு ஒன்றிரண்டு ரகங்களையே எங்கும் பயிரிட்டால் கொடிய நோய் பரவும், மண்ணைக் கவனிக்காத தீவிரச் சாகுபடி நிலத்தைப் பாழாக்கும் என்றார். தன் வெற்றி கண்முன் விளைந்துகொண்டிருந்த நேரத்தில் அதன் ஆபத்தையும் சொல்லும் நேர்மை எத்தனை பேருக்கு வரும்? உலக உணவுப் பரிசு 1987இல் கிடைத்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்தைக் கொண்டு மறு ஆண்டே சென்னையில் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கொல்லிமலைக்கு வந்தது அந்த நிறுவனம்தான். பரிசையும் அவர் விதையாகவே எடுத்து வைத்தார்.

கொல்லிமலையை ஆண்ட ஓரியைச் சொல்லாமல் இங்கே பேச்சை முடிக்க முடியாது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்திய வில்லாளி என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். வன்பரணர் பாடிய அந்தப் புறநானூற்றுப் பாட்டில் என் மனம் நிற்பது அம்பில் அன்று. எதிரே நிற்பவன் யார் என்று அறியாமல் பாணர்கள் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் ஓரி நாணுகிறான். ஊனும் தேறலும் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். அவ்வளவு திறமை கையில் இருந்தும் புகழைக் கேட்டுக் கூசிய மனிதன் அவன். பின்னாளில் மலையமான் காரியோடு நடந்த போரில் ஓரி இறந்தான், மலை சேரனுக்குப் போயிற்று. ஆனாலும் ஆடி மாதத்தில் விழா எடுப்பது ஓரிக்குத்தான். வென்றவர்களுக்கு இந்த மலையில் விழா இல்லை.

மாணவச் செல்வங்களே, முதல் சம்பளம் வந்ததும் செலவுக்கு முன் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். நாள்தோறும் படிப்பதற்கென்று ஒரு மணி நேரத்தையும் அதேபோல் முதலில் எடுத்து வையுங்கள், தூக்கம் வரும் நேரத்துக்குத் தள்ளாதீர்கள். கடன் வாங்கிய விதையை விளைந்ததும் கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பது நம் உழவர் வழக்கம். உங்களைப் படிக்கவைத்த ஊருக்கும் அந்தக் கணக்கில் திருப்பிக் கொடுங்கள்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். பட்டத்தோடு வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் உட்கார்ந்து, அவர் விதைத்த சாமை, தினை, கேழ்வரகு வகைகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கொல்லையில் எது விளைந்தது, எந்த மழைக்கு எதை விதைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெயர்களை முழுதாக அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். இந்த விடுமுறையிலேயே அதைச் செய்துவிடுங்கள்.