நெடுநாள் நின்ற கார்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேச வல்லார் பலர் கூடிய அவையில், நெடுநாள் ஓடாது நின்ற காரைப் பற்றிப் பேச விழைகிறேன். காரணம் உண்டு. தந்தையார் ஓட்டிய ஃபியட்டைக் கொட்டகையில் போற்றி வைத்திருப்போர் நம்மிடையே சிலர் உளர். பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய பின்னும் நம்மவர்க்கு அது ஃபியட்தான். அதனை ஒருநாள் எழுப்பிவிட எண்ணுவோர், புதிய பேட்டரியை மாட்டி உடனே சாவியைத் திருகுகின்றனர். அதனைச் செய்யலாகாது என்று வேண்டவே வந்தேன்.

பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. கார் நிற்கும் காலத்தில் எளிதில் ஆவியாவன போய்விட, எஞ்சியது காற்றோடு கூடிப் பிசினாகும். வார்னிஷ் வாடை அடிக்கும். டேங்கின் வெற்றிடத்தில் ஈரம் படிந்து துரு ஏறும். சாவியைத் திருகினால் இவையெல்லாம் கார்புரேட்டரை நோக்கிப் புறப்படும்.

ஆகவே வேலையை டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நெருப்பில்லாத திறந்த வெளியில் பழைய பெட்ரோலை வடித்து, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். ஓட்டை அடைக்க அதனை அப்படியே வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிச் செல்வோருக்கு ஒன்று சொல்வேன்: வற்றிய டேங்கில் தங்கிய ஆவி வெடிக்கும்.

அடுத்தது பம்ப். அதன் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தால் தெரிந்துவிடும்.

கார்புரேட்டரில்தான் பொறுமை வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்த எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகக் குறிப்பது. 115 எனில் 1.15 மில்லிமீட்டர். அடைப்பைக் கம்பியால் குத்துவது பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம்; எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பித்தளை மென்மையானது. துளை அகன்றுவிட்டால் எந்தத் திருகை எப்படித் திருப்பினும் பெட்ரோல் மிகையாகவே பாயும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே நீர்மம் தளும்பினால் மாற்றுங்கள்.

இன்னொன்று, இக்காலத்துக்கே உரியது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் பத்து விழுக்காட்டையும் 2025இல் இருபதையும் எட்டியது. அதற்கென அமையாத பழைய ரப்பர் குழாய்கள் நைந்து கசியும். ஈரத்தையும் எத்தனால் ஈர்க்கும். சூடேறிய புகைக்குழாய்மேல் சொட்டும் ஒரு துளியே காரை எரித்துவிடும். பார்வைக்கு நன்றாயிருப்பினும் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பம்புக்கு முன் உள்ளே தெரியும் வடிகட்டியொன்றையும் பொருத்துங்கள்.

முதல்முறை எஞ்சின் ஓடும்போது தீயணைப்பான் கையருகே இருக்கட்டும். ஒருவர் முன்மூடியைத் திறந்து இணைப்புகளைப் பார்த்தவாறு நிற்கட்டும். அன்றிரவு கொட்டகையில் பெட்ரோல் வாடை வீசினால், கசிவைக் கண்டுபிடிக்கும்வரை காரை வெளியே எடுக்காதீர்கள்.