தோள் கொடுப்போர்க்கு உரிய இழப்பீடு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் நம்மைப் பணித்தனர். நாமோ தோளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். தலைப்பை விட்டு விலகிவிட்டோம் என்று எவரும் கருத வேண்டா. நம் சமுதாயத்துப் பிள்ளைகளைப் பள்ளி வாயில் வரை கொண்டுவந்து சேர்ப்பது அவர்தம் பெற்றோரின் தோள்களே. நெல் மூட்டை சுமப்பதும், செங்கல் தட்டு ஏற்றுவதும், குப்பை வண்டி தள்ளுவதும் அத்தோள்களே. அத்தோள் வீழ்ந்தால், அடுத்து வீழ்வது பிள்ளையின் படிப்பு. இதனை நூலில் படித்து நாம் அறியவில்லை. கண்ணாற் கண்டே அறிந்தோம். கண்டதோடு நில்லாமல், அவ்வீழ்ச்சியில் நம் கையும் இருந்தது என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

1998ஆம் ஆண்டு. அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராக இருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் நம் சமுதாயத்து மாணவன் ஒருவன் கணக்கில் முதல்வனாக விளங்கினான். அவன் தந்தையார்க்கு வயது நாற்பது. ஊரருகே ஓர் அரிசி ஆலையில் மூட்டை சுமந்து வந்தார். ஒரு நாள் லாரியிலிருந்து மூட்டை இறக்குகையில் பலகை வழுக்கி, மூட்டையோடு வலத்தோள் தரையில் மோத வீழ்ந்தார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தனர். 'எலும்பு முறியவில்லை' என்று சொல்லி மாத்திரை தந்து அனுப்பினர். எண்ணெய்க் கட்டும் போட்டுப் பார்த்தார். மூன்று திங்கள் கழிந்தும் கை மார்புக்கு மேல் எழவில்லை.

அப்போது ஆலையின் கணக்கப்பிள்ளை அவரை அழைத்துக்கொண்டு பள்ளிக்கே வந்தார். 'முதலாளி 3,000 ரூபாய் தருகிறார். நீங்கள் படித்தவர், நல்லபடியாக ஒரு காகிதம் எழுதித் தரவேண்டும்' என்றார். நம்மைத் தேடி வந்தார்களே என்ற பெருமிதத்தில், 'மேற்படி தொகையை முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன். இனி யாதொரு பாத்தியமும் கோரேன்' என்று அழகுத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். 'சார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்' என்று சொல்லி அவர் இடக்கைப் பெருவிரலைப் பதித்தார். அடுத்த சூன் திங்களில் பள்ளி திறந்தபோது அம்மாணவன் வரவில்லை. தந்தையின் இடத்தில் அதே ஆலையில் மூட்டை சுமக்கப் போய்விட்டான்.

ஐந்தாண்டுகள் கழித்துச் சட்ட விழிப்புணர்வு முகாம் ஒன்றில் கேட்ட பிறகே, அக்காகிதத்தின் தன்மை நமக்கு விளங்கிற்று. தொழிலாளி தமக்குரிய இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பதே சட்டம். நாம் எழுதியது செல்லாக் காகிதம். ஆயினும் செல்லும் என்று நம்பி அவர் வாய் மூடியிருந்தார். மனுச் செய்வதற்குரிய இரண்டாண்டுக் காலமும் கடந்துவிட்டது. தக்க காரணம் காட்டினால் காலத் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்று அவர் வீட்டிற்கே சென்று சொன்னோம். 'போகட்டும் சார். உங்களுக்கும் அன்று தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது பையன் அங்கே வேலை செய்கிறான். அவன் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம்' என்றார். அவர் நம்மை நொந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நம்மை இன்றளவும் வருத்துகிறது.

அவர் இழந்தது எவ்வளவு? அக்காலச் சட்டத்தின்படி கணக்கிட்டுப் பார்ப்போம். மாதக் கூலி 1,500 ரூபாய் என்று கொள்வோம். அதில் 60 விழுக்காடு 900 ரூபாய். நாற்பது வயதினர்க்குச் சட்ட அட்டவணை தரும் பெருக்கெண் 184.17. இரண்டையும் பெருக்க 1,65,753 ரூபாய் வரும். இது உழைக்கும் ஆற்றல் முழுவதையும் நிலையாக இழந்தவர்க்கு உரியது. பாதி ஆற்றல் இழந்தார் என்று மதிப்பிட்டாலும் 82,876 ரூபாய். பெற்றதோ 3,000 ரூபாய். இக்கணக்கை அன்று அவ்வகுப்பு மாணவனே போட்டிருப்பான். போடுவதற்குரிய சூத்திரத்தைச் சொல்லித்தர அங்கே ஒருவரும் இல்லை.

அன்பர்களே, இனிச் சட்டத்தின் அடிப்படைகளைக் காண்போம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 1924 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, இதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. பெயரும் பிரிவு எண்ணும் மாறினும் அடிப்படை நெறிகள் மாறவில்லை.

முதல் நெறி: விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்திருந்தால் முதலாளி பொறுப்பாளர். அவர் பிழை செய்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 'நீ கவனமாக இருந்திருக்கலாமே' என்ற சொல்லால் உரிமை அழியாது. குடிபோதையால் நேர்ந்த விபத்து, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதால் நேர்ந்த விபத்து ஆகியவற்றிற்கு விலக்கு உண்டு. உயிர் போயினும், முழு ஊனம் நிலைத்துவிடினும் அவ்விலக்கும் பொருந்தாது. இரண்டாம் நெறி: ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்க்கும் தலைமை முதலாளியே பொறுப்பாவார். 'நீ மேஸ்திரியின் ஆள், எங்கள் ஆள் அல்லை' என்று கைகழுவ முடியாது. மூன்றாம் நெறி: இழப்பீட்டை உரிய நாளிலிருந்து ஒரு திங்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் வட்டி உண்டு. தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை தண்டமும் உண்டு. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், சேர்ந்தவர்கள் முதலாளியிடம் அன்றி அத்திட்டத்திடமே பயன் பெறுவர். சம்பளச் சீட்டில் அதற்குப் பிடித்தம் உள்ளதா என்று இன்றே பாருங்கள்.

தோளுக்கு வருவோம். சட்டத்தின் அட்டவணை உறுப்புகளை இழந்தவர்க்கு விழுக்காடு வகுத்துள்ளது. தோள் மூட்டோடு கை துண்டிக்கப்பட்டால் 90 விழுக்காடு. கைப் பெருவிரல் போனால் 30 விழுக்காடு. கை உடம்பிலேயே ஒட்டியிருந்தும் அதன் பயன் முழுதும் நிலையாக அற்றுப்போயின், அக்கையை இழந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் அவ்வட்டவணை கூறுகிறது. ஆனால் நம் மக்கட்குப் பெரும்பாலும் நேர்வது துண்டிப்பு அன்று. தசைநார்க் கிழிவும், மூட்டு நழுவலும், மூட்டு இறுகலுமே. இவை அட்டவணையில் இல்லை. இல்லாத காரணத்தால் இழப்பீடு இல்லை என்பது பொருளன்று. இத்தகைய காயங்கட்கு, உழைத்து ஈட்டும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்று தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும், அம்மதிப்பே அளவாகும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். தோள் மூட்டு, பந்தும் கிண்ணமும் போன்ற அமைப்புடையது. கிண்ணம் ஆழமற்றது. ஆதலால் பந்தை இடத்தில் நிறுத்துவன சுற்றியுள்ள நான்கு தசைகளும் அவற்றின் நார்களுமே. அந்நார் கிழிந்தால் கையை உயர்த்த இயலாது. சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டும்; நார்க் கிழிவைக் காட்டாது. அதற்கு ஸ்கேன் தேவை. 'எலும்பு முறியவில்லை' என்னும் சொல் 'காயமில்லை' என்னும் தீர்ப்பு அன்று. நாம் மேலே சொன்ன பெரியவர்க்கு ஸ்கேன் எடுக்கவே இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. உடல் ஊனத்தின் அளவு வேறு. பிழைப்பாற்றல் இழப்பின் அளவு வேறு. 1975ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தச்சர் ஒருவரின் வழக்கில் இதனைத் தெளிவாக்கிற்று. திரையரங்கு ஒன்றில் வேலை செய்கையில் வீழ்ந்த அவர்க்கு இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டது. அது முழு ஊனம் அன்று என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது. எனவே அவர் இழந்தது முழு ஆற்றல் என்று நீதிமன்றம் கொண்டது. இழப்பீடு விபத்து நேர்ந்த நாளிலேயே உரியதாகிறது என்றும் கூறிற்று. எழுத்தர் ஒருவர்க்குத் தோள் இறுகினால் நேரும் இழப்பு வேறு. மூட்டை சுமப்பவர்க்கு நேரும் இழப்பு வேறு என்பதை இத்தீர்ப்பு நமக்கு உணர்த்துகிறது.

இளைஞர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்துன்பம் நேர்ந்தால் செய்ய வேண்டுவன ஐந்து. முதலாவது, அன்றே மருத்துவமனைக்குச் செல்க. 'தோள் வலி' என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில், எந்த வேலையில், எத்தனை மணிக்கு நேர்ந்தது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்க. நாட்பட்ட வலியென்று பதிவாகிவிட்டால் பின்னர் மெய்ப்பித்தல் அரிது. இரண்டாவது, முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து விரைவுத் தபாலில் அனுப்புக, படியை வைத்துக்கொள்க. மூன்றாவது, கூலிக்குரிய சான்றைத் திரட்டுக. துண்டுச் சீட்டும், வங்கிப் பதிவும், உடன் வேலை செய்தோர் வாக்கும் சான்றே. நான்காவது, வெற்றுக் காகிதத்தில் கைந்நாட்டு வைக்கற்க. ஐந்தாவது, தொழிலாளர் துறை அலுவலகத்தில் தாமதமின்றி மனுச் செய்க. வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பட்டியல் வகுப்பினர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அவ்வலுவலகம் உள்ளது.

கழிவுநீர்க் குழியில் இறங்கும் நம் உடன்பிறந்தார் நிலை இதனினும் கொடியது. அவ்வேலையில் உயிரிழந்தவர் குடும்பத்திற்கு 30 இலட்சமும், நிலையான ஊனமுற்றவர்க்கு 20 இலட்சத்திற்குக் குறையாமலும் வழங்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை உண்டு, அதனைக் கேட்டுப் பெறும் குரல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். சாதி ஒழிப்பிற்குப் பாடுபட்ட அப்பெருந்தகை தொழிலாளர் துறையைப் பிறிதொன்றாக எண்ணவில்லை. சுமக்கும் தொழில்கள் எம்மக்கள் தலையில் பிறப்பால் சுமத்தப்பட்டனவோ, அம்மக்கட்கே தொழிலாளர் சட்டம் மிகுதியும் தேவை. பட்டம் பெற்ற நாம், அச்சட்டத்தைப் படித்துச் சொல்லவில்லையானால் நம் பட்டம் யார்க்குப் பயன்?

ஆகவே கழகத்தாரிடம் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் படிப்பகத்தில் திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, மனு எழுதித் தரும் ஒரு மேசை போடுவோம். கல்லூரி மாணவர் இருவர் அமரட்டும். ஓய்வுநாளில் நாமும் உடன் அமர்கிறோம். ஒரு பதிவேட்டில் விபத்து நாளும், மனு அளித்த நாளும் குறிக்கப்படட்டும். இருபத்தைந்தாண்டுகளாக நம் கழகம் பிள்ளைகட்குப் புத்தகமும் உதவித்தொகையும் தந்தது. இனி அப்பிள்ளைகளின் பெற்றோர்க்கு உரிய தொகையையும் கேட்டுப் பெற்றுத் தரட்டும்.

அன்று நாம் எழுதிய காகிதத்தைத் திரும்பப் பெற இயலாது. ஆனால் இனி நம் ஊரில் எவர் கைந்நாட்டுக்கும் முன்னே, படித்த ஒருவர் அக்காகிதத்தை வாங்கி உரக்கப் படித்துப் பொருள் சொல்ல இயலும். அதற்கு நீங்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.