பிரேக் மிதி பஞ்சு போல அமுங்கினால்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்துப் பழைய பிக்அப் வண்டி போன மாதம் ஒன்பது நாள் ஓடாமல் நின்றது. தோட்டக் கழிவு குவிந்தது, தண்ணீர் கேன் தாமதமாக வந்தது. "ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று வாட்ஸ்அப் குழுவில் பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். வண்டிப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. நான் மெக்கானிக் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டறையில் கூடவே நின்று பார்த்ததையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். அடிப்படை ஒன்றுதான்.

நம் ஓட்டுநர் சொன்னது இதுதான்: "சார், பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகுது. ரெண்டு தடவை பம்ப் பண்ணினா பிடிக்குது." பிடிக்கிறதே, சனிக்கிழமை வரை ஓட்டலாமே என்று சிலர் நினைத்தார்கள். ஆனால் அந்த வண்டி பாரத்தோடு அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவில் இறங்குகிற வண்டி. காலையில் பள்ளிப் பேருந்துக்காக நம் பிள்ளைகள் அந்தச் சரிவின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அவசரத்தில் ஒரு மிதிதான் மிதிக்க முடியும், இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது. அதனால்தான் அன்றே சாவியை வாங்கி வைத்தோம்.

மிதி ஏன் பஞ்சாகிறது? நீங்கள் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. திரவம் அமுங்காது, ஆகவே கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குச் சேர்கிறது. காற்று அமுங்கும். ஆயிலுக்குள் காற்று புகுந்துவிட்டால் உங்கள் கால் முதலில் அந்தக் காற்றைத்தான் அமுக்குகிறது. மீதி இருப்பதுதான் பிரேக்குக்குப் போகிறது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "எந்த உதிரிப் பாகத்தை மாற்றலாம்?" என்பதல்ல, "காற்று எப்படி உள்ளே வந்தது?" என்பதுதான். வங்கியில் கணக்கு இடித்தால் வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வித்தியாசம் அங்கேயேதான் இருக்கும். குறைந்த பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான்.

பார்க்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் ஆயில் டப்பா. பானெட்டைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். டிஸ்க் பேட் தேயத் தேய மட்டம் மெதுவாகக் கொஞ்சம் இறங்குவது இயல்பு. வாரத்துக்கு வாரம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

இரண்டாவது, கசிவு எங்கே? தரையில் சொட்டு இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பின்சக்கரத்தில் டிரம் இருந்தால் அதைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அதுதான் இடம். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ ஏர் பைப்பாலோ ஊத வேண்டாம். அது நுரையீரலுக்குக் கெடுதல். மாஸ்டர் சிலிண்டர் பின்பக்கம் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், அதுவும் வெளியே தெரியாது. பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். ஒருவர் மிதியை அழுத்தும்போது ஹோஸ் உப்பினால் அதை மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது, பம்ப் செய்து பார்ப்பது. பம்ப் செய்யச் செய்ய மிதி மேலே வந்தும், ரப்பரை மிதிப்பது போலவே இருந்தால் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலேயே கல் போல நின்றால், பெரும்பாலும் பின்சக்கர பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கும். அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் போதும்.

நான்காவது, மிதியை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருப்பது. மெதுவாகக் கீழே இறங்குகிறதா? இறங்குகிறது, ஆனால் ஆயில் மட்டம் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது. மட்டமும் குறைகிறது என்றால் கசிவு வெளியே இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை வரும்.

நம் வண்டியில் நடந்தது இதுதான். முதலில் பார்த்த பட்டறையில் மிதி இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டு "மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்றார்கள். நம் ஓட்டுநர் நோட்டில் ஆயில் ஊற்றிய தேதிகளை எழுதி வைத்திருந்தார். மூன்று வாரத்தில் மூன்று முறை ஊற்றியிருக்கிறார். மட்டம் குறைகிறபோது மாஸ்டர் சிலிண்டரை எப்படிக் குற்றம் சொல்வது? வேறு பட்டறையில் டிரம்மைக் கழற்றச் சொன்னோம். இடப்பக்கப் பின்சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்து ஷூவெல்லாம் நனைந்திருந்தது. இரு பக்கமும் வீல் சிலிண்டரும் ஷூவும் மாற்றினோம். ஆயில் குடித்த ஷூவைத் துடைத்துப் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டாலும் பிடிப்பு சமமாக இருக்காது.

பிறகு ஏர் எடுத்தார்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். சில வண்டிகளில் வரிசை மாறும், கையேட்டைப் பார்க்க வேண்டும். பல பிக்அப்களில் பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு பின் ஆக்ஸில் பக்கம் இருக்கும். அதிலும் காற்று தங்கும். சக்கரத்தில் மட்டும் ஏர் எடுத்துவிட்டு "இன்னும் பஞ்சாகத்தான் இருக்கிறது" என்று திண்டாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த அளவு 140 டிகிரிதான். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் பாரத்தோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பழைய ஆயில் கொதித்து ஆவியாகலாம். ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். அடிவாரத்தில் ஆறியதும் மிதி சரியாகிவிடும், குறை இல்லாதது போலத் தோன்றும். அதனால் கையேடு சொல்லும் காலத்தில், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஆயிலை மாற்றுங்கள். மலையில் கீழ் கியரில் இறங்குங்கள். என்ஜின் ஆயிலைத் தவறிக்கூட பிரேக் டப்பாவில் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

ஒன்றைக் கண்டு பயப்பட வேண்டாம். மிதியை அழுத்தியபடி என்ஜினை ஸ்டார்ட் செய்தால் மிதி கொஞ்சம் இறங்கும். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஓடும்போதே மிதி அடியோடு போய்விட்டால் வேகமாகப் பம்ப் செய்யுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் அது கேபிளில் தனியாக இயங்குவதால் ஆயில் போனாலும் பிடிக்கும்.

உங்களிடம் கேட்பது மூன்று விஷயம். பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் சொன்னால் வண்டி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். செயலாளர் உட்பட யாரும் "இந்த ஒரு நடை மட்டும்" என்று சொல்லக் கூடாது. வாரம் ஒருமுறை ஆயில் மட்டத்தை நோட்டில் எழுத வேண்டும். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று பட்டறையில் கேட்ட பிறகே பில்லுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.