குழாய் எந்தத் தெருவோடு நின்றது?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம தெருவுக்குச் சாக்கடை ஏன் வரலேன்னு கேட்டா அதிகாரி சொல்ற முதல் பதில், "தொழில்நுட்பச் சிக்கல்". மேடு, பாறை, பள்ளம்னு அடுக்குவாங்க. அதனால இன்னிக்கு வடதுருவத்துப் பக்கம் இருக்கிற ஓர் ஊரைப் பத்திப் பேசறேன்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிறது இனுவிக். 1950களின் நடுவில் அரசாங்கமே திட்டம்போட்டுக் கட்டிய ஊர். குளிர் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். அடிமண் கோடையிலும் உருகாத உறைமண். அதில் குழாய் புதைத்தால் கழிவு உள்ளேயே உறைந்துவிடும். சூடாக வைத்தாலோ, மண் உருகிக் குழாயும் வீடும் சேர்ந்து புதையும்.

ஆகவே மண்ணுக்கு மேலேயே கால் நட்டு, நீளமான பெட்டிக்குள் குழாய்களைக் கொண்டுபோனார்கள். குடிநீர், சாக்கடை, கட்டடங்களைச் சூடாக்கும் வெந்நீர் எல்லாம் ஒரே பெட்டியில். வெந்நீரின் சூட்டில் மற்றவை உறையாது. சாக்கடை ஊருக்கு வெளியே பெரிய குட்டையில் போய் விழும். குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும். கோடையில் அங்கே ராத்திரியும் வெயில். பாசி பிடிக்கும், பாசி விடும் ஆக்ஸிஜனில் நுண்கிருமிகள் மலத்தைத் தின்னும். மனுசக் கை படவே வேண்டாம்.

சரி, இந்தப் பெட்டி எங்கே போச்சு? பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, தெற்கிலிருந்து வந்த வெள்ளை அரசு ஊழியர்கள் குடியிருந்த கிழக்குப் பக்கத்துக்கு. மண்ணுக்குச் சொந்தக்காரங்களான இனுவியாலுயிட், குவிச்சின் மக்கள் இருந்த மேற்குப் பக்கத்துக்கு வரலை. அவங்களுக்கு வாளி. வாளிக்குள்ள ஒரு பை. நிறைஞ்சா வெளியே வைக்கணும், வண்டி வந்து அள்ளிட்டுப் போகும். அந்தப் பீ வாளிக்கு ஆங்கிலத்துல என்ன பேரு தெரியுமா? தேன் வாளி! நமக்கு 'அரிஜன்'னு பேரு வச்ச மாதிரிதான்.

'இனுவிக்' என்றால் மனிதர்களின் இடம் என்று அர்த்தம். 1958இல் அந்தப் பெயரை வைத்தார்கள். உறைமண் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், குளிரும் ஒண்ணுதான். கிழக்கே தீர்ந்த சிக்கல் மேற்கே மட்டும் எப்படித் தீராமப் போகும்? குழாய் அந்தப் பக்கம் நீள வருசக்கணக்கில் ஆனது.

இங்கே மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். நம்ம ஊர்ல எந்த மண்ணும் உறையறதில்லை.

பொறியியல் படிக்கிற தம்பி தங்கைங்க இங்க இருக்கீங்க. உங்க நகராட்சியில பாதாளச் சாக்கடை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்க. குழாய் எந்தத் தெருவோட நிக்குதுன்னு பென்சில்ல குறிச்சுட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல அதை விரிச்சு வச்சுப் பேசுவோம்.