டெல்டா 32க்கு அப்பால்: மாநாட்டுத் தலைமை உரை



எச்.ஐ.விக்கு உடல் காட்டும் எதிர்ப்பின் மரபியலை ஆராயும் நம் துறையின் புகழ்பெற்ற கதை ஸ்டீபன் குரோனுடையது. நியூயார்க் ஓவியர். துணைவர் 1982இல் எய்ட்ஸால் இறந்தார்; நண்பர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். இவருக்கு மட்டும் தொற்று வரவில்லை. காரணம் தெரியவேண்டும் என்று அவராகவே ஆய்வாளர்களைத் தேடிப் போனார். அவருடைய சிடி4 வெள்ளணுக்களோடு எவ்வளவு வைரஸைக் கலந்தாலும் தொற்று பற்றவில்லை. 1996இல் விடை கிடைத்தது. சிடி4ஐப் பிடித்துக்கொண்ட வைரஸ் செல்லுக்குள் நுழைய இன்னொரு ஏற்பியும் தேவை. அது பெரும்பாலும் சிசிஆர்5. அந்த மரபணுவின் இரண்டு படிகளிலும் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தால், அதாவது டெல்டா 32 திரிபு இருந்தால், புரதம் அரைகுறையாக நின்றுவிடும், செல்லின் மேற்பரப்புக்கே வராது. இந்தக் கண்டுபிடிப்பின் வழியில்தான் 2007இல் சிசிஆர்5ஐ அடைக்கும் மாரவிரோக் மாத்திரை வந்தது. பெர்லினில், இதே திரிபுள்ள கொடையாளியின் குருத்தணுக்களைப் பெற்ற டிமோத்தி ரே பிரவுன் எச்.ஐ.வியிலிருந்து குணமடைந்தார்.

அருமையான அறிவியல்தான். ஆனால் எனக்கொரு மனக்குறை உண்டு. வட ஐரோப்பியரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் இரண்டு படிகளிலும் டெல்டா 32 உள்ளவர். ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் அந்தத் திரிபு இல்லையென்றே சொல்லலாம். நம் பக்கம் சல்லடை போட்டுத் தேடினாலும் அரிது. தொற்றின் சுமையைத் தாங்கியது ஆப்பிரிக்கா. பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தது ஐரோப்பியத் திரிபு.

நைரோபியின் பும்வானிக்கு வாருங்கள். அங்கே பாலியல் தொழிலாளர்களை 1980களிலிருந்து தொடர்ந்து பரிசோதித்தார்கள். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொற்று வரவில்லை. அவர்களிடம் டெல்டா 32 கிடையாது. பலருடைய டி செல்கள் மட்டும் வைரஸை ஏற்கெனவே சந்தித்ததுபோல் எதிர்வினை காட்டின. பிறகு நடந்ததுதான் எல்லோரையும் உலுக்கியது: தொழிலைக் குறைத்துக்கொண்டோ சிறிது காலம் நிறுத்திவிட்டோ இருந்தவர்களில் சிலருக்குத் தொற்று வந்தது. பிறவியிலேயே கிடைத்த காப்பு மட்டும்தான் என்றால், இடைவெளி விட்டால் போய்விடுமா? மரபணுவோடு, உடல் அன்றாடம் பெற்ற அனுபவத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று நம்மை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் அந்தப் பெண்கள்.

1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாகத் தெரியவந்ததும் சென்னையில், பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில்தான். சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. ஆய்வாளர்களின் பெயர் நிலைத்தது, நியாயமாகவே. ரத்தம் கொடுத்தவர்களுக்கு என்ன திரும்பக் கிடைத்தது என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

மரபணுவுக்கே திரும்பினால், நமக்கு உண்மையில் நெருக்கமான மரபணுப் பகுதி எச்.எல்.ஏ. மருந்தில்லாமலே வைரஸை அடக்கிவைத்திருக்கும் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மரபணுத்தொகுதி முழுக்கத் தேடியும் வலுவான சமிக்ஞைகள் அனைத்தும் அந்த ஒரே வட்டாரத்தில் குவிந்தன. வைரஸ் புரதத் துணுக்கை ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ புரதத்தின் பள்ளத்தில் ஒருசில அமினோ அமிலங்கள் மாறினால் நோயின் போக்கே மாறுகிறது. பி57 வகை இதில் முன்னணி. அதன் 5701 என்ற உட்பிரிவு இந்தியர்களிடம் அரிதானதல்ல. வேடிக்கை என்னவென்றால், வைரஸை அடக்க உதவும் இதே 5701 உள்ளவருக்கு அபாகவிர் என்ற எச்.ஐ.வி மருந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். முன்கூட்டியே பரிசோதித்தால் அதைத் தவிர்க்கலாம் என்பது 2008இலேயே நிறுவப்பட்டுவிட்டது.

ஆகவே, எச்.எல்.ஏ குறித்து இன்று பேசவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். திரிபின் விகிதத்தைச் சொல்லும்போது எந்த மக்களிடம் எடுத்த மாதிரி என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 5701 இருப்பது தெரியவந்தபோது, அந்த முடிவு மாதிரி கொடுத்தவருக்கும் அவருடைய எச்.ஐ.வி சிகிச்சை (ஏ.ஆர்.டி) மையத்து மருத்துவருக்கும் போய்ச்சேர்ந்ததா என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வு தொடங்கட்டும்.