பிழையான விடையும் ஆசிரியப் பயிற்சியும்



மனோதத்துவ அறிஞர் தார்ன்டைக் கற்றலுக்கு வகுத்த ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி ஆகிய மூன்றையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவ ஆசிரியர், கற்பித்தல் பயிற்சிக்கென்று ஒரு வகுப்பினுள் நுழையும்போது அவற்றுள் ஒன்றையேனும் துணைக்கு அழைப்பதில்லை என்பதை இத்துறையில் உழைத்தோர் அறிவர். பெட்டிக்குள் அடைபட்ட பூனைகள் வெளியேறத் தவித்ததை அருகிருந்து கவனித்தே தார்ன்டைக் தம் விதிகளைக் கண்டார். நாமோ அவ்விதிகளைக் குழந்தையே இல்லாத அறையில் குறிப்பெழுதச் சொல்லிப் போதிக்கிறோம்.

குழந்தையிடமே கேட்டறிந்த ஒருவரையும் இங்கு நினைவுகூரலாம். 1920ஆம் ஆண்டையொட்டி, பாரிஸ் நகரக் குழந்தைகளுக்கு மனோதத்துவ அறிஞர் சிரில் பர்ட்டின் தர்க்கச் சோதனைகளைக் கொடுத்துத் தரப்படுத்தும் பணியில் அமர்ந்த ழான் பியாஜே என்ற இளைஞர், சரியான விடைகளை எண்ணிக் கணக்கிடுவதோடு அமையாமல், ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமாகத் தவறுவது ஏன் என்று அவர்களிடமே வினவத் தொடங்கினார். குழந்தையின் சிந்தனைக்கெனத் தனி ஒழுங்கு உண்டு என்ற அவருடைய பெருங்கொள்கைக்கு அவ்வுரையாடல்களே வித்திட்டன.

அத்தகைய ஒழுங்குள்ள பிழைக்குச் சான்றாக, நம் பள்ளிகளில் நாள்தோறும் காணும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், 35 என்று எழுதும் சிறுமி கவனக்குறைவினால் அவ்வாறு எழுதவில்லை. இரண்டில் ஏழு போகாது என்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்றாள்; சிறியதைப் பெரியதிலிருந்து கழிப்பதே முறை என்று தனக்குத் தானே ஒரு விதியை நியமித்துக்கொண்டாள். அவளுக்கு மேலும் இருபது கணக்குகளைக் கொடுப்பதனால், ஐயோ, அப்பிழையான விதியே உறுதிப்படும். 'எப்படிச் செய்தாய், அம்மா?' என்று கேட்டறிந்தபின், பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை அவள்முன் வைத்து, ஒரு கட்டை அவளே அவிழ்க்குமாறு செய்தால், கடன் வாங்கிக் கழித்தலின் பொருள் அவளுக்குப் புலப்படத் தொடங்கும்.

குழந்தை தனித்துச் செய்யவியலாமல், பிறர் துணையோடு செய்யவல்ல எல்லையையே போதனை நாட வேண்டும் என்று உரைத்த மனோதத்துவ அறிஞர் விகோட்ஸ்கி, கோமெல் நகர ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். அவிழ்த்த அந்தக் குச்சிக்கட்டு அவர் கூறிய துணைக்கு எளிய சான்றாகும்.

ஆதலின் ஒரு விண்ணப்பம். கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட வரும் விரிவுரையாளர், பாடக்குறிப்பின் தலைப்புகளையும் கரும்பலகைக் கையெழுத்தையும் பார்ப்பதோடு நில்லாமல், குழந்தைகள் கூறிய பிழையான விடைகளையும் அவற்றுக்கு அவர்களே சொன்ன காரணங்களையும் எழுதிய ஏடு ஒன்றை ஒவ்வொரு மாணவ ஆசிரியரிடமும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். கல்வி மனோதத்துவ வகுப்பு அவ்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடைபெறட்டும்.