மலைப்பயணமும் மலையூரும்



ஐரோப்பாவுக்குப் போக விரும்பும் நம்மவர்க்குப் பயண முகவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது, ஏரிகளும் மலைகளும் என்ற பஸ் பயணத்தைத்தான். இத்தாலியின் கோமோ ஏரி, சுவிற்சர்லாந்தின் லூசேர்ன், ஜெனீவா ஏரிகள், இடையிடையே அல்ப்ஸ் மலைச்சரிவில் மரவீடுகள் நிறைந்த சிற்றூர்கள். போய் வந்தவர்கள் படங்களைக் காட்டிவிட்டு, “நம் நாட்டில் இப்படி ஏதும் உண்டா?” என்று பெருமூச்சு விடுவதும் வழக்கம். கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையிலிருந்து நுவரெலியாவரை, ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தூரம் பஸ்ஸில் அவர்களை அழைத்துப் போனால் விடை கிடைத்துவிடும். ஏரி உண்டு, மலை உண்டு, மலைச்சரிவில் மனிதர் வாழும் இடமும் உண்டு. ஆனால் அந்த இடத்தை ஊர் என்று சொல்லலாமா என்பதிலேதான் சிக்கல்.

முதலில் ஏரிகளைப் பார்ப்போம். அல்ப்ஸ் மலையின் பேரேரிகளைத் தோண்டியது பனி. பல்லாயிரம் ஆண்டுகள் பள்ளத்தாக்குகளில் ஊர்ந்து இறங்கிய பனியாறுகள் பாறையைக் குடைந்து சென்ற குழிகளில், பனி உருகியபின் நீர் நின்றது. நம் மலைநாட்டிலோ நாம் நின்று படம் எடுக்கும் நீர்நிலைகள் பெரும்பாலும் மனிதர் கட்டியவை. கண்டி வாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். தலதா மாளிகையின் எதிரே இருந்த வயல்நிலத்தில் அணை போட்டு, 1807ஆம் ஆண்டளவில் அதனை அமைப்பித்தவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கட்டாய வேலைக்கு எதிராகக் குரல் எழுப்பிய தலைவர்களை அவன் கொடுமையாகக் கொன்றான் என்று வரலாறு கூறுகின்றது. நாயக்கர் வழி வந்த அவ்வரசன் 1815இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர் நீத்தான். மாலைவேளையில் வாவிக் கரையில் உலாவுவோர் அவனை நினைப்பது அரிது.

வாவிக் கரையிலிருந்து ஹந்தானை வீதியில் நாலு கிலோமீட்டரளவு ஏறினால் மூடுபனியும் தேயிலையும் எதிர்கொள்கின்றன. சிங்களப் பாட்டுகளில் ஹந்தானை நிலாவுக்கும் இளமைக்கும் உரிய மலை. அடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம் இருப்பதும் அதற்கு ஒரு காரணம் போலும். இங்கே 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. கீழ்த்தளத்தில் பழைய உருட்டும் பொறிகளும் உலர்த்தும் பொறிகளும் நிற்கின்றன. இத்தகைய தொழிற்சாலைகளின் மேல்தளங்கள் கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்காகவே வரிசை வரிசையாகச் சாளரம் வைத்துக் கட்டப்பட்டவை. இன்று மேல்தளத்தில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தொலைநோக்கியிற் காணலாம். ஹந்தானைக்கு அப்பால், தெல்தோட்டைக்கு அண்மையில் உள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஈராண்டுக்குள் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்த நிலமெல்லாம் பின்னர் தேயிலை ஆயிற்று.

நூதனசாலையில் டெய்லரின் பெயர் இருக்கின்றது. அவர் காலத்தில் அந்தச் செடியை நட்டவர்களின் பெயரை நாம் எங்கும் காண்பதில்லை. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியாகக் காடு கடந்து நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்களின் பேச்சிலே ஒரு சொல்வழக்கு உண்டு. நமக்கு மலை என்றால் காட்சி. அவர்களுக்கு மலை என்றால் கொழுந்து கொய்யும் வேலைத்தலம். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்தபின், இன்ன எண்ணுள்ள மலைக்குப் போ என்றுதான் கட்டளை பிறக்கும். நாம் ஒரே பச்சைப் போர்வையாகக் காண்கின்ற சரிவை அவர்கள் எண் எண்ணாகப் பிரித்து அறிவார்கள். எந்த மலையில் அட்டை மிகுதி, எந்த மலையில் கால் வழுக்கும் என்பதையும் அறிவார்கள்.

பேராதனை, கம்பளை, புசல்லாவை என்று வீதி வளைந்து ஏறுகின்றது. போகின்றவர் வலப்பக்க ஆசனத்தில் அமர்வது நல்லது. இறம்பொடையை அணுகும்போது அப்பக்கத்திலே, கீழே மிக ஆழத்தில், கொத்மலை நீர்த்தேக்கம் தோன்றும். துட்டகைமுனு இளவரசன் தந்தைக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்ததாக மகாவம்சம் கூறும் பள்ளத்தாக்கு அது. மகாவலித் திட்டத்தின் கீழ் 1985இல் அங்கே அணை நிறைவுற்றது; ஊர்களும் வயல்களும் விகாரைகளும் நீருள் மறைந்தன. நீர் வற்றும் ஆண்டுகளில் கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தலை காட்டும். மக்கள் திரண்டு போய்ப் பார்ப்பார்கள். மஸ்கெலியாவின் பழைய நகரமும் இவ்வாறே மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துள் இருக்கின்றது.

இவ்விடத்தில் அல்ப்ஸ் பயணிகளுக்கு ஒரு செய்தி. இத்தாலியின் வடக்கெல்லையில் ரெஷன் என்ற ஏரியின் நடுவே ஒரு தேவாலயக் கோபுரம் தனியே நிற்பதைப் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பலர் படம் பிடித்து வருகின்றனர். அதுவும் இயற்கைக் காட்சி அன்று. மின்சாரத்துக்காக 1950இல் நீரைத் தேக்கியபோது கிரவுன் என்ற ஊரின் 160க்கும் மேற்பட்ட வீடுகள் மூழ்கின. 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே ஏரிக்காக ஊரை இழப்பதில் ஐரோப்பியரும் நாமும் ஏறக்குறைய ஒத்தவர்களே. கொத்மலையில் வீடிழந்த கிராமத்தவர் சிலருக்கு அருகிலிருந்த தேயிலைக் காணி பகிர்ந்தளிக்கப்பட்டது. வேறு சிலர் மகாவலியின் வறண்ட நிலக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். பிறந்த மண்ணுக்கு அது ஈடாகாது. ஆயினும் நிலம் தமது என்று சொல்ல முடிந்ததனாலேயே அவர்கள் மாற்று நிலம் கேட்க முடிந்தது.

நமக்கும் அல்ப்ஸுக்கும் உள்ள உண்மையான வேற்றுமை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றது. சுவிற்சர்லாந்தின் வலே மாநிலத்தில் தேர்பெல் என்றொரு மலையூர் உண்டு. அவ்வூரார் தமது மேய்ச்சல் மலையையும் காட்டையும் பொதுவில் ஆள்வதற்கு 1483ஆம் ஆண்டிலேயே ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். வெளியார் ஊருக்குள் நிலம் வாங்கினாலும் மேய்ச்சல் மலையில் அவர்க்குப் பங்கு இல்லை. குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்கு ஒருவன் தீனி போட முடியுமோ, அத்தனை மாடுகளையே கோடையில் மலைக்கு அனுப்பலாம் என்று 1517இல் மற்றொரு விதி செய்தனர். பயணிகள் வியக்கின்ற அந்தப் பசும்புல்வெளி, தம் மலையைத் தாமே ஆண்ட மக்கள் காத்து வைத்த பொருள்.

இறம்பொடைச் சரிவிலே தகரக்கூரை வேய்ந்து நீளமாகத் தெரிகின்ற லயன்களைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் அறைகள் பிரித்த வரிசை வீடுகள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கும் அந்த அறை தோட்டத்தின் உடைமையே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அவர்கள் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. போனவருட் சிலர், தமிழக அரசு கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அவர்களுக்கென்று அமைத்த தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடையையே சுமந்தனர். இங்கே எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது.

அதன்பின்னும் ஒரு தடை இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துள் ஒரு பாதை போடவோ விளக்கு வைக்கவோ சபையின் பணம் செல்ல இயலாது. வரியும் வாக்கும் ஊருக்கு. பாதை மட்டும் தோட்டத்துக்கு என்ற நிலை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. தேர்பெல் கிராமத்தார் 1483இல் பெற்றிருந்ததை அன்று; அதில் ஒரு சிறு மூலையை! அண்மைய ஆண்டுகளில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழுந்திருப்பது நல்ல தொடக்கம். எனினும் லயனில் இருப்பவர்க்கு நிலவுரிமை இன்னும் கோரிக்கையாகவே நிற்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் பெருமழை கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகளைப் பெயர்த்து வீழ்த்தியது. வேறிடத்தில் வீடு கட்டிக்கொள் என்று சொல்வது எளிது. எந்த நிலத்தில் என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன விடை சொல்வது?

பயணம் போகாதீர்கள் என்பது என் கருத்தன்று, போங்கள். ஆனால் கண்ணாடி அடைத்த சொகுசு பஸ்ஸைவிட, கண்டியிற் புறப்படும் சாதாரண பஸ்ஸே இதற்கு ஏற்றது. அதிலேதான் தோட்டத்தவர் ஏறுவர், இறங்குவர். ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம். 2025 மே மாதம் 11ஆம் நாள் இதே வீதியில், கொத்மலைக்கு அருகே கெரண்டி எல்லையில், பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

லபுக்கலையைத் தாண்டியதும் காது அடைக்கும், குளிர் பிடிக்கும். 1,800 மீட்டருக்கு மேலே நுவரெலியாவில் கிரகரி வாவி இருக்கின்றது. ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் அமைப்பித்தது. அதுவும் கையால் கட்டியதே. படகில் ஏறுவதற்கு முன் கம்பளிச் சட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் மூடுபனி சொல்லாமல் இறங்கிவிடும்.